மித்தியில் தரை தட்டினோம்

மூக்கைப் பொத்திக்கொண்டு உலாவுவதற்காக விடியுமுன் எழுந்து, புது ஷூ மாட்டி, ஆட்டோ பிடித்துப் போகும் மனிதர்களை நான் மும்பையில்தான் பார்த்தேன். அவர்களில் ஒருத்தி என் கூடப்பிறந்த அக்கா என்பதுதான் இந்தப் பயணத்துக்கே காரணம்.

தென்காசியில் எனக்கு மின்சாமான் கடை. போன டிசம்பரில் ஒரு மத்தியானம் கல்லாவில் கண் அசந்திருந்த நேரம் பார்த்து, செம்பூரிலிருந்து அக்கா மகன் செந்தில் போன் செய்தான்.

"மாமா, அம்மா நம்ம கைமீறிப் போயிட்டா. அடுத்த ஞாயித்துக்கிழமை ஆத்துல தோணி விடப் போறாளாம்."

"எந்த ஆத்துல?"

"மித்தில."

மும்பையில் ஓர் ஆறு இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்த ஊருக்குப் பலமுறை போயிருக்கிறேன். மாஹிம் தாண்டும்போது ரயிலில் எல்லோரும் ஒரே சமயத்தில் கைக்குட்டையை எடுப்பதையும் பார்த்திருக்கிறேன். ஆறு வருகிறது என்று அதற்கு அர்த்தம் என எனக்கு யாரும் சொல்லவில்லை.

செந்தில் உடனே குரலைத் தாழ்த்தினான். தோணி ஒரு சாக்குத்தான். உண்மையான சங்கதி வேறு. அவனுக்குக் கனடாவில் வேலை கிடைத்திருந்தது. மனைவி கவிதாவோடு போகிறான். செம்பூர் வீட்டை வாடகைக்கு விடப் போகிறான். அக்காவை நான் தென்காசிக்குக் கூட்டி வந்து வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கும் அக்காவுக்குமாகத் திங்கட்கிழமைக்குத் திரும்பும் டிக்கெட்டும் போட்டுவிட்டான்.

"அம்மாகிட்ட இன்னும் சொல்லல மாமா. நீங்கதான் பக்குவமா எடுத்துச் சொல்லணும்."

நான் சரி என்றேன். என் மனைவி லட்சுமி மாடி அறையைக் கழுவிவிட்டுக் கட்டிலுக்குப் புது மெத்தை வாங்கிப் போட்டாள். அக்காவிடம் தவிர மற்ற எல்லோரிடமும் கேட்டாகிவிட்டது.

கோமதி அக்காவுக்கு அறுபது தாண்டிவிட்டது. கல்யாணமாகித் தாராவிக்குப் போனவள். அத்தான் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தார். ஒற்றை அறை வீடு. அங்கே அதற்குக் கோலி என்று பெயர். அதற்குள் வைத்துத்தான் செந்திலை வளர்த்து, படிக்க வைத்து, கண்ணாடிக் கட்டட ஆபீஸுக்கு அனுப்பினார்கள். அவன் செம்பூரில் வீடு வாங்கி இருவரையும் அழைத்துப் போனான். இரண்டு வருடம் முன்பு அத்தான் இறந்துபோனார். அக்கா இப்போது கால்நீட்டி உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருப்பாள், நான் போய்க் கூப்பிட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள் என்று நானாகவே ஒரு படம் வரைந்து வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் செம்பூர் வீட்டில் போய் இறங்கினேன். அக்கா இல்லை. "அத்தை ஷூ மாத்தப் போயிருக்காங்க சித்தப்பா" என்று சொல்லிவிட்டு, கவிதா நாக்கைக் கடித்துக்கொண்டு "மாமா" என்று திருத்தினாள். மும்பையிலேயே பிறந்து வளர்ந்த பெண். உறவுமுறைகள் அவளுக்கு ஹிந்தியில்தான் சரியாக வரும்.

சற்று நேரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒருவர் மாடிப்படி ஏறி வந்தார். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டேன். அக்காதான். சுடிதார், அதன்மேல் தொளதொளவென்று ஒரு டி-ஷர்ட், அதன் முதுகில் ஹிந்தியில் ஏதோ எழுத்து. கவிதா படித்துச் சொன்னாள்: "நதியோடு நட."

"வாலே மாரி! என்ன இப்படி ஊதிப்போயி வந்திருக்க?" என்றாள் அக்கா.

அக்கா கையால் சொதி கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ரயிலில் நான் எதையும் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை. இரவு தட்டில் வந்தது முளைகட்டிய பயறும் உப்பில்லாத ஒரு சூப்பும். சோறு எங்கே என்று கேட்டேன். ஏழு மணிக்கு மேல் யாராவது சோறு சாப்பிடுவார்களா என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

மறுநாள் விடிகாலையில் என்னையும் எழுப்பி ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போனாள். வழியில் சொல்லிவிடலாம் என்று நான் தயாராக இருந்தேன். ஆட்டோ போட்ட சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கண்ணாடிக் கட்டடங்களின் பின்புறம் ஆற்றை ஒட்டி நடைபாதை. புதிதாக வர்ணம் பூசிய கம்பி வேலி, செடித் தொட்டிகள், இருதய வடிவில் ஒரு செல்பி மேடை. எல்லாம் அழகு. ஆற்றை மட்டும்தான் மறந்துவிட்டார்கள். தார் காய்ச்சும் கொப்பரையைக் கழுவி ஊற்றியது போன்ற தண்ணீரில் ஒரு சோபா மெத்தை, ஒற்றைச் செருப்பு, காய்ந்த மாலை, தெர்மாகோல் கட்டிகள் எல்லாம் எந்த அவசரமும் இல்லாமல் நின்றன. ரசிப்பதற்காக ஆற்றைப் பார்க்கப் போட்டிருந்த பெஞ்சுகளில் எல்லோரும் காலை மறுபக்கம் போட்டு, ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

அங்கே அக்காவின் கூட்டம் காத்திருந்தது. அத்தனை பேரும் ஆரஞ்சு. தலைவர் விஸ்வநாதன், மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக்காரர். கப்பல் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். ஒரு கப்பலில்கூடக் கால் வைத்ததில்லையாம். எல்லோரும் அவரைக் கேப்டன் என்றார்கள்.

"வாங்கோ வாங்கோ! கோமதியம்மாவோட பிரதரா? குத்தாலத்துப் பக்கமாமே! உங்க ஊர்ல தண்ணி மேலேர்ந்து விழும். இங்கே அப்படியே நிக்கும். அவ்வளவுதான் வித்யாசம்."

"சார், இது சாக்கடை இல்லையா?" என்று நல்லெண்ணத்தோடுதான் கேட்டேன். கூட்டம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அக்கா என் விலாவில் இடித்தாள்.

"நாலான்னு சொல்லப்படாது, கேட்டேளா? நதியாக்கும். சர்க்கார் ரெக்கார்டுலயே நதின்னுதான் இருக்கு" என்றார் கேப்டன். நாலா என்றால் பம்பாய் பாஷையில் சாக்கடை. அந்தக் கூட்டத்தில் அதுதான் கெட்ட வார்த்தை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

பயிற்சி தொடங்கியது. ஓர் இளம்பெண் நடுவில் நின்று, "மூச்சை ஆழமாக உள்ளே இழுங்கள், இயற்கையை உணருங்கள்" என்று ஹிந்தியில் சொன்னாள். யாரும் இழுக்கவில்லை. அவளும் இழுக்கவில்லை. எங்களைக் கடந்து வேகநடை போட்ட ஒரு தம்பதியின் பேச்சு காதில் விழுந்தது. "நேற்றைவிட இன்று நாற்றம் குறைவு, இல்லையா?" என்றார் கணவர். "உங்களுக்குச் சளி பிடித்திருக்கிறது" என்றாள் மனைவி.

எனக்கு உள்ளூர ஒரு பெருமை வந்தது. எங்கள் சிற்றாறு என்ன, தாமிரபரணி என்ன என்று கேப்டனிடம் அளக்க ஆரம்பித்தேன். பாதியில் எனக்கே நாக்கு ஒட்டிக்கொண்டது. குற்றாலத்தில் சீசன் முடிந்தபின் பாறை இடுக்குகளில் ஷாம்பு பாக்கெட்டுகளை அள்ளியே ஒரு லாரி நிரப்பலாம். பாபநாசத்தில் பாவத்தைத் தொலைக்க முங்கியவர்கள் உடுத்தின துணியையும் ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். நாங்கள் இறங்கிக் குளித்து ஆற்றைக் கெடுக்கிறோம். இவர்கள் கிட்டப் போகாமலேயே கெடுத்திருக்கிறார்கள். வித்தை இவர்களுடையது பெரிது.

நடை முடிந்ததும் கூட்டம் நேராக மாட்டுங்காவுக்குப் போயிற்று. ஓட்டல் வாசலில் வரிசையில் நின்று இடம் பிடித்து, இட்லி, ரச வடை, அன்னாசிப்பழக் கேசரி, அதற்குமேல் டிகிரி காபி என்று அத்தனை பேரும் நடந்ததைச் சரிக்கட்டினார்கள். வீட்டில் முளைப்பயறு தின்கிற என் அக்கா, நெய் ரோஸ்டின் முறுகலான ஓரத்தை ஒடித்துச் சட்னியில் தோய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். இப்போது சொல்லலாம் என்று தொண்டையைச் செருமினேன்.

"என்னல, ஏதோ சொல்ல வந்தமாதிரி முழிக்க?"

"ஒண்ணுமில்லக்கா. காபி நல்லாருக்கு."

"நல்லாத்தான் இருக்கும். குடி" என்றாள், என்னையே பார்த்துக்கொண்டு.

சனிக்கிழமை போரிவலி தேசியப் பூங்காவில் காட்டு நடை. வேட்டியோடு வரக்கூடாது என்று செந்திலின் டிராக் பேன்ட்டும் ஷூவும் எனக்குத் தரப்பட்டன. பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை; ஷூ காலில் நிற்கவில்லை. தாதரில் ரயில் மாறினோம். அக்கா பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டாள். போரிவலி வந்ததும் இறங்கு என்று மட்டும் சொன்னாள். எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.

நான் ஒரு வாசலில் தயாராக நின்றேன். பிளாட்பாரம் மறுபக்கம் வந்தது. திரும்பி அந்தப் பக்கம் நகர்வதற்குள் ஏறுகிறவர்கள் என்னை அரிசி மூட்டையைத் தள்ளுவது போல நடுவில் தள்ளி அடுக்கிவிட்டார்கள். பக்கத்தில் நின்றவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் ஹிந்தியில் சொன்னார்: "அங்கிள், போரிவலியில் இறங்குகிறவர் மூன்று ஸ்டேஷன் முன்னால் கோரேகாவிலேயே முடிவு செய்திருக்க வேண்டும்." தஹிசர் போய் இறங்கி, எதிர் வண்டி பிடித்துத் திரும்பினேன். அக்கா பிளாட்பாரத்தில் உட்கார்ந்து உப்பு மிளகாய்த்தூள் தூவிய கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தாள்.

"வந்த புதுசுல நானும் இப்படித்தான். ஒருமட்டம் விரார் வரைக்கும் போயி, அழுதுக்கிட்டு நின்னேன். உங்க அத்தான் தேடி வந்தாரு" என்றாள். பாதிக் கொய்யாவை என்னிடம் நீட்டினாள்.

சிறுத்தை நடமாடும் இடம், தனியாகப் போகாதீர்கள் என்று பூங்காவுக்குள் பலகை வைத்திருந்தார்கள். எங்களோடு இன்னும் இரண்டு மூன்று கூட்டங்கள் சேர்ந்துகொண்டன. ஒருவர் பையில் பக்திப் பாடல், இன்னொருவர் பையில் குத்துப் பாடல், பின்னால் ஒருவர் போனில் வீட்டு வாடகைத் தகராறு. சிறுத்தை அந்நேரம் வீட்டைக் காலிசெய்துகொண்டு தானேப் பக்கம் போயிருக்கும்.

பாதி வழியில் காட்டுக் குளியல் என்ற நிகழ்ச்சி. தண்ணீர் கிடையாது. மரத்தைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடி நிற்க வேண்டும். ஆளுக்கொரு மரம் பிடித்தோம். என் மரத்தில் செவ்வெறும்பு. நான் போட்ட சத்தத்தில் மற்றவர்களுடைய தியானம் கலைந்தது. இயற்கை எனக்கு உடனே பதில் சொல்லிவிட்டதாகக் கேப்டன் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

ஏற்றத்தில் நான் ஒவ்வொரு பாறையிலும் காட்சியை ரசிப்பதாகச் சொல்லி உட்கார்ந்தேன். அக்கா ஓர் இடத்திலும் நிற்கவில்லை. மேலே போய்ச் சேர்ந்தபோது தூரத்தில் ஓர் ஏரி வெயிலில் மின்னியது. அது நிரம்பி வழிந்து இறங்குவதுதான் மித்தி என்றார் கேப்டன். நம்பவே முடியவில்லை.

அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மூச்சு வாங்கவில்லை.

"உங்க அத்தான் போனப்புறம் வருசம் பூரா அந்த டி.வி. முன்னாலயே கெடந்தேன்ல. காலு ரெண்டும் வீங்கி, கக்கூஸுக்குப் போறதுக்கே சொவத்தப் பிடிக்கணும். கவிதாதான் ஒருநாள் தரதரன்னு இழுத்துட்டு வந்து இந்தக் கூட்டத்துல விட்டா. மொத நாளு அந்த லைட்டு கம்பத்துலேருந்து அடுத்த கம்பத்துக்குத்தான் நடந்தேன். அழுதேன்."

அதற்கு மேல் என்ன பக்குவமாக எடுத்துச் சொல்வது? நான் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் பால்கனிக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போனான் செந்தில்.

"சொல்லிட்டீங்களா மாமா?"

"நாளைக்குச் சொல்லிருதேன்."

"அந்தத் தோணியையாவது நிறுத்துங்க. என் ஆபீஸே அந்த ஆத்து ஓரத்துலதான் இருக்கு. யாராவது வீடியோ எடுத்து, இது உங்கம்மாதானேன்னு கேட்டா?"

அவன் கவலை அக்கா முழுகிவிடுவாள் என்பதில்லை. அக்கா தெரிந்துவிடுவாள் என்பது.

ஞாயிற்றுக்கிழமை தாராவிக்கு எதிரே, கழிமுகத்துக்குக் கிட்டே பந்தல் போட்டிருந்தார்கள். ஆற்றின் அகலத்துக்கு ஒரு பேனர்; அதில் பகுதித் தலைவரின் முகம். டிரம்களை மிதக்கவிட்டு மேலே மூங்கில் கட்டி ஒரு தற்காலிகத் துறை. அதில் வரிசையாகப் பிளாஸ்டிக் தோணிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு பேர். அக்காவோடு வர வேண்டிய அம்மாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டதாம். கேப்டன் என்னை மேலும் கீழும் அளந்தார்.

"நீங்க துடுப்பே போட வேண்டாம். சும்மா உக்காந்தாப் போறும். பேலன்ஸுக்கு."

தடுத்து நிறுத்தப் போன நான் எடைக்கல்லாகப் பின்னால் ஏற்றப்பட்டேன். மஞ்சள் மிதவை அங்கியைக் கழுத்துவரை இழுத்துக் கட்டினார்கள். தலை திருப்ப முடியவில்லை.

பேனரில் இருந்த தலைவர் வரவில்லை. மாஹிம் பக்கத்திலிருந்து ஏறிவந்த கடல்தண்ணீர் துறையின் படிவரை நிறைந்து நின்றது. அந்தத் தண்ணீர் இருக்கும்போதுதான் போக முடியும். கேப்டன் விழாக்காரர்களிடம் ஓடினார், கும்பிட்டார். தலைவர் கிளம்பிவிட்டார் என்றார்கள். பிறகு தலைவர் குளிக்கிறார் என்றார்கள். அதற்கப்புறம் தலைவர் சாப்பிடுகிறார் என்றார்கள். எங்களுக்கு நேரம் பின்னோக்கிப் போவதுபோல இருந்தது. தண்ணீர் நிஜமாகவே பின்னோக்கிப் போக ஆரம்பித்தது.

"தண்ணி இறங்கறது. இப்போ விடலேன்னா அப்புறம் சேத்துலதான் விடணும்" என்று கேப்டன் ஹிந்தியில், மராத்தியில், கடைசியில் தமிழிலும் கத்தினார். மைக்கில் தேசபக்திப் பாட்டு போட்டார்கள்.

தலைவர் வந்தார். நதி நம் தாய் என்று தொடங்கி நீளமாகப் பேசினார். நதியில் குப்பை போடமாட்டேன் என்று எல்லோரையும் உறுதிமொழி எடுக்க வைத்தார். அது முடிந்த கையோடு, தாய்க்குப் பூஜை என்று ஒரு மாலையை எடுத்து, அது வந்த பிளாஸ்டிக் பையோடு சேர்த்து ஆற்றில் வீசினார். எல்லோரும் கைதட்டினோம். பை எங்கள் தோணியில் வந்து ஒட்டிக்கொண்டது. கொடி அசைந்தது.

உண்மையைச் சொல்கிறேன். முதல் கொஞ்ச நேரம் நன்றாகவே இருந்தது. கரையோரம் அலையாத்திச் செடிகள் பச்சையாக நின்றன. ஒரு கொக்கு எங்களை ஏளனமாகப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அக்கா துடுப்பை இடமும் வலமும் மாற்றிமாற்றி இழுத்த லாவகத்தைப் பார்த்து எனக்கு வாய் பிளந்தது. நாற்றம் நினைவுக்கு வந்து மூடிக்கொண்டேன். மற்ற தோணிகளை எல்லாம் பின்னால் விட்டு நாங்கள் நடு ஆற்றுக்கு வந்துவிட்டோம். அதுதான் வினை. கரகரவென்று ஒரு சத்தம். தோணி நின்றது. துடுப்பைக் குத்தினால் சேறு, இழுத்தால் சேறு. பின்தங்கிய தோணிகளைக் கயிறு போட்டுக் கரைக்கு இழுத்துவிட்டார்கள். எங்களுக்குக் கயிறு எட்டவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுற்றிலும் தண்ணீர் வடிந்து, கறுப்புச் சேறு முதுகு காட்டியது.

"எறங்காதீங்கோ! இடுப்பளவு இழுத்துடும்! ஆள் வரச் சொல்லியிருக்கு!" என்று கேப்டன் கரையிலிருந்து கத்தினார். தலைவர் அந்நேரம் பேட்டி கொடுத்துவிட்டுக் காரில் ஏறிக்கொண்டிருந்தார்.

பாலத்தின்மேல் கூட்டம் சேர்ந்தது. அத்தனை கையிலும் போன். "அது போலீஸ் படகா?" என்று ஒருவன் கேட்டது நன்றாகக் கேட்டது. "இல்லை, ஷூட்டிங். முன்னால் இருப்பவர்தான் ஹீரோயினுக்கு அம்மா." "பின்னால் மஞ்சளாக இருப்பது?" "மூட்டை."

வெயில் ஏறியது. அக்கா துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, திரும்பாமலே கேட்டாள்:

"எப்பம்ல சொல்லப் போற?"

"எதக்கா?"

"நாளைக்கு ரயிலு எத்தன மணிக்குன்னு."

நான் தோணியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"டிக்கெட்டு போட்ட அன்னைக்கே கவிதா சொல்லிட்டா. அடுப்படியில வச்சு, எங்கையப் பிடிச்சுக்கிட்டு. 'அத்தை, உங்களக் கேக்காம செய்றாங்க, எனக்கு மனசு கேக்கல'ன்னா. நேத்து வீட்டுக்கு வந்த பொண்ணு அவ. வயித்துல பொறந்தவனுக்குச் சொல்ல முடியல. கூடப்பொறந்தவன் மூணு நாளா எம்பொறத்தாலயே சுத்துத, உனக்கும் சொல்ல முடியல."

"தெரிஞ்சா நீயே கேட்டிருக்கலாம்லக்கா?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன். ரோஸ்ட்டு திங்கும்போது சொல்லுவேன்னு பாத்தேன். மலை மேல சொல்லுவேன்னு பாத்தேன். சரி, எங்கயும் ஓட முடியாத எடத்துல வச்சுக் கேட்டாத்தான் உண்டுன்னு இப்பம் கேக்கேன்."

பாலத்திலிருந்து யாரோ விசிலடித்தார்கள். அவளுடைய ஆரஞ்சு முதுகைப் பார்த்தபடி, எல்லாவற்றையும் சொன்னேன். கனடா, வாடகை, மாடி அறை, புது மெத்தை. சொல்லச் சொல்ல, நான் யாருக்கோ பார்சல் எடுக்க வந்த ஆள் மாதிரிதான் எனக்கே கேட்டது.

"லட்சுமி நல்லவ. மெத்தயும் நல்லாத்தான் இருக்கும்" என்றாள் அக்கா. "அங்க வந்து நான் என்னல செய்யணும்?"

"சும்மா இருக்கலாம்லக்கா. இனியாவது."

"அதான் வேண்டாங்கேன்."

பக்கத்து மீனவர் குடியிருப்பிலிருந்து மூன்று பேர் பலகைகளோடு வந்தார்கள். சேற்றில் பலகை மேல் பலகையாகப் போட்டுத் தோணிவரை ஒரு பாதை அமைத்தார்கள். அக்கா செருப்பில்லாமல், கையை விரித்துக்கொண்டு, நிதானமாக நடந்து கரை சேர்ந்தாள். பாலம் முழுக்கக் கைதட்டியது. அடுத்து நான். முதல் பலகை தாண்டினேன். இரண்டாவதில் செந்திலின் ஷூ மட்டும் முன்னால் போயிற்று. நான் பக்கவாட்டில் போனேன். இடுப்புவரை இறங்கிவிட்டேன். கயிற்றை அக்குளில் கட்டி இழுத்தார்கள். நான் வந்தேன், டிராக் பேன்ட் வரவில்லை. மித்திக்கு என் காணிக்கை அது. பாலத்தில் எழுந்த ஆரவாரத்தை விவரிக்க எனக்கு மனமில்லை.

அந்தக் கோலத்தில் எந்த ஆட்டோக்காரரும் ஏற்றமாட்டார். மிதவை அங்கியை இடுப்பில் கட்டிக்கொண்டு அக்காவின் பின்னால் தாராவிக்குள் நடந்தேன். அவளுடைய பழைய சந்து. குழாயடியில் நின்ற பெண்கள் அவளைப் பார்த்ததும் குடத்தை வைத்துவிட்டு வந்தார்கள்.

"யாருக்கா இது? ஒந்தம்பியா? எந்தச் சாக்கடையில விழுந்தாரு?"

"நதிக்கா" என்றேன் நான். ஏனோ கேப்டனுக்காகச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

ஆளுக்கொரு வாளி ஊற்றினார்கள். ஒருத்தி வீட்டுக்காரரின் கைலியைக் கொடுத்தாள். அக்கா இரும்பு ஏணியில் ஏறி ஒரு கதவின் பூட்டைத் திறந்தாள். அந்தப் பழைய கோலி. வாடகைக்குக் குடியிருந்தவர்கள் போன மாதம் காலி செய்துவிட்டார்களாம். தரை கழுவி, சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தது. ஓர் அடுப்பு, ஒரு பாய், இரண்டு டம்ளர். ஷூ மாற்றப் போகிறேன் என்று அவள் சொல்லிவிட்டுப் போன சாயங்காலங்களில் பாதி இங்கேதான் கழிந்திருக்கிறது.

டீ கொதிக்கும்போது செந்திலும் கவிதாவும் வந்து சேர்ந்தார்கள். வீடியோ அதற்குள் அவன் ஆபீஸைச் சுற்றிவிட்டு அவனிடமே வந்திருந்தது. ஏணியில் ஏறியதும் தலையை நிலைப்படியில் இடித்துக்கொண்டான். அவன் பிறந்து வளர்ந்த வீடுதான்.

"நான் இங்கதான் இருக்கப் போறேன்ய்யா. நீ நல்லபடியா போயிட்டு வா" என்றாள் அக்கா.

"இங்கயா? தாராவிலயா? அம்மா, எவ்வளவு கஷ்டப்பட்டு இங்கேர்ந்து வெளிய வந்தோம். நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்றது?"

"கனடாவுல யாருக்குத் தெரியப்போவுது?"

கவிதா முகத்தைத் திருப்பிக்கொண்டு டம்ளரைக் கழுவினாள். அவள் தோள் குலுங்கியது சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. செந்தில் பாயில் உட்கார்ந்தான். முன்பு படிப்பதற்காக அவன் சாய்ந்து உட்காரும் இடமாக இருக்க வேண்டும். முதுகு தானாகச் சுவரில் போய்ப் பொருந்தியது. சின்னக் குரலில் கேட்டான்.

"ஒடம்புக்கு முடியாம போச்சுன்னா என்னம்மா செய்வ?"

"முடியலன்னா சொல்லுதேன். அப்பம் வா. முடியுத வரைக்கும் என்னய விடு."

அக்கா அவன் நெற்றியில் இடித்த இடத்தைத் தேய்த்துவிட்டாள். பிறகு எங்கள் நாலு பேருக்கும் இருந்த இரண்டு டம்ளரில் மாறிமாறி டீ ஊற்றிக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை ரயில் நிலையத்துக்குச் செந்தில் மட்டும்தான் வந்தான். அக்கா புளிச்சோறு கட்டிக் கொடுத்திருந்தாள். அவளால் வர முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாலத்தின்மேல் நின்று விசிலடித்த தாராவிப் பெண்கள் சிலர் தங்களையும் நடைக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டு வந்திருந்தார்கள். கேப்டன் அவர்களை அக்கா பொறுப்பில் விட்டுவிட்டார்.

வண்டி கல்யாண் தாண்டியதும் லட்சுமி போன் செய்தாள். மாடி அறைக்கு ஜன்னல் திரை எந்த நிறத்தில் வாங்கட்டும், அக்காவிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றாள்.

"அக்கா வரல."

"ஐயையோ! என்ன ஆச்சு? நல்லா இருக்காங்கள்லா?"

"நல்லா இருக்கா. அதனாலதான் வரல."